ஒன்றும் ஆகாது என்று சொல்லாதவர்

அந்த டீச்சர் முன்னால் புதுச் சேலை கட்டிக்கொண்டு போய் நிற்கக் கூடாது. நான் ஒரு தடவை நின்றேன். தீபாவளிக்கு எடுத்த சேலை, மஞ்சளில் ஊதாப் பூப் போட்டது. "எப்படிங்க டீச்சர் இருக்கு?" என்று கேட்டேன். கேட்டால் நல்லாயிருக்கிறது என்று சொல்வதுதானே வழக்கம். அதற்காகத்தானே கேட்கிறோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மேலிருந்து கீழே பார்த்தார்.

"உங்களுக்கு இந்த நிறம் பொருந்தேல்லை அம்மா. துணி நல்ல துணி."

இரண்டும் உண்மை. அந்தச் சேலை இன்னும் கிழியவில்லை. இன்னும் எனக்குப் பொருந்தவும் இல்லை.

டீச்சர் என்று நாங்கள்தான் கூப்பிட்டோம். அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிப்பிக்கவில்லை. யாழ்ப்பாணத்துப் பெண், வயது முப்பத்தைந்துக்குள்தான் இருக்கும். கண்டி டவுனில் ஒரு துணிக்கடைக்கு மேலே, மாடியில், மனசு பயந்துபோனவர்களுக்கு வைத்தியம் பார்க்கும் ஓர் அலுவலகம் இருந்தது. அங்கே வேலை செய்தார். மருந்து கொடுக்கமாட்டார். ஊசி கிடையாது. முதல் நாள் நான், "எதுவும் தராம எப்படிங்க சுகமாகும்?" என்று கேட்டேன்.

"சுகமாகுமோ தெரியாது. இருங்கோ, கதைப்பம்" என்றார்.

அதற்கு முன்னால் நான் பார்க்காத ஆள் இல்லை. தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா, கோவில் பூசாரி, கட்டுகஸ்தோட்டையில் நூல் கட்டிக் கொடுக்கும் ஒரு லெப்பை, பக்கத்து வீட்டுச் சிங்களத்து அக்கா, எல்லாரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். பயப்படாதே, ஒன்றும் ஆகாது. காசு வாங்கிக்கொண்டு சொன்னவர்களும் உண்டு, சும்மா சொன்னவர்களும் உண்டு. அதைச் சொல்லாத முதல் ஆள் இவர்தான். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறேன், ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடும்?

நடந்து வந்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. அதுதான் என் வியாதி. பஸ்ஸில் ஏற முடியாது.

வியாதி எப்படி வந்தது என்று சொல்லவே வெட்கம். யுத்தம் கடைசியாகக் கடுமையான காலம். பஸ்ஸிலே குண்டு, ரயிலிலே குண்டு என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். ஒரு நாள் நான் வந்த பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் ஒரு பார்சல் கிடந்தது. யாருடையது என்று கண்டக்டர் கேட்டார். ஒருவரும் பேசவில்லை. அவ்வளவுதான், ஜன்னலால் குதித்தவர்கள் பாதி, கதவால் விழுந்தவர்கள் பாதி. நான் எதனால் வெளியே வந்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆமிக்காரர்கள் வந்து தள்ளி நின்று, கிட்ட வந்து, குனிந்து, பிரித்தார்கள். கருவாடு. நல்ல கட்டாக் கருவாடு. தூங்கிப்போன ஒரு கிழவருடையது. அன்றைக்குப் பிறகு பஸ் பலகையில் கால் வைத்தால் கால் மரத்துவிடும், நெஞ்சு அடைக்கும், காதில் ரயில் ஓடும்.

டீச்சரின் மாடியில் பெஞ்சில் என்னோடு காத்திருந்தவர்கள் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், கடை எரிந்தவர்கள். எனக்கு வெடிக்காத கருவாட்டால் வந்த வியாதி. அதையும் ஒரு நாள் சொன்னேன்.

"கருவாடெண்டு உங்கட உடம்புக்கு அப்ப தெரியாது" என்றார். சிரிக்கவில்லை. எனக்கு அவர் சிரித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

பஸ்ஸில் போகாவிட்டால் என்ன, நடந்தே சாகலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் என் மகளைக் கலஹாவில் ஒரு தோட்டத்தில் கட்டிக் கொடுத்திருந்தது. முதல் பிள்ளை வயிற்றில். நாங்கள் இருந்தது கட்டுகஸ்தோட்டையில், அரிசிக் கடைக்குப் பின்னால் ஓர் அறை. எங்கள் வீட்டு மனுசர் அந்தக் கடையில் மூட்டை தூக்கினார். அந்த அறையிலே கால் நீட்டினால் சுவர். மகளைக் கூட்டிவந்து பேறு பார்க்க இடமில்லை. நான்தான் போக வேண்டும். கண்டிக்குப் போய், பேராதனை தாண்டி மலை ஏறவேண்டும். நடக்கிற தூரம் இல்லை. ஏழாம் மாதம் வளையல் போட என்னால் போக முடியவில்லை. முழங்கால் வலி என்று சொல்லி வளையலை ஆளிடம் கொடுத்து அனுப்பினேன். "பேறுக்காவது வருவியாம்மா?" என்று அவள் போனில் கேட்டாள். "வராம என்னடி" என்றேன்.

இதற்குத்தான் டீச்சரிடம் போனது.

அவருடைய வைத்தியத்தில் பாதி அவர், பாதி கொம்பியூட்டர். வாரம் தவறாமல் கிழமைக்கு ஒரு தடவை அவரிடம் போய்ப் பேச வேண்டும். நடுவில் இரண்டு தடவை, இன்டர்நெட் உள்ள ஒரு கடைக்குப் போய்ப் பாடம் கேட்க வேண்டும். கட்டுகஸ்தோட்டையில் எங்களுக்கு நானா என்று எல்லாரும் கூப்பிடுகிற ஒரு முஸ்லிம் அண்ணனின் கடையை ஏற்பாடு செய்திருந்தார்கள். அவர் ஒரு பலகைத் தட்டிக்குப் பின்னால் என்னை உட்காரவைத்து, காதில் மாட்டுவதை மாட்டிவிட்டு, பாடத்தைத் திறந்து கொடுத்துவிட்டுப் போவார். காதுக்குள் ஓர் ஆண் குரல் பேசும். செய்தி வாசிக்கிற தமிழ். "வணக்கம். இன்று நீங்கள் எப்படி உணர்கிறீர்கள்?" என்று கேட்கும். என்னை வாழ்நாளில் அப்படி மரியாதையாக ஒருவரும் கேட்டதில்லை. "நல்லா இருக்கேங்க" என்று நான் வாய்விட்டுச் சொல்வேன். பாடம் முடிந்ததும் "போயிட்டு வாறேங்க" என்பேன். பக்கத்துத் தட்டியில் வெளிநாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

ஒரு நாள் அந்தக் குரல், "மூச்சை மெதுவாக உள்ளே இழுங்கள், அப்படியே வைத்திருங்கள்" என்றது. இழுத்தேன். வைத்திருந்தேன். அடுத்த பேச்சு வரவில்லை. பெரிய பாடம் போலிருக்கிறது என்று நானும் விடவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. நல்லவேளை நானா எட்டிப் பார்த்தார்.

"ராத்தா, மூச்ச உடுங்க. லைன் உழுந்திட்டு."

இதை டீச்சரிடம் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். அடுத்த கிழமையிலிருந்து அந்த இடத்தில் குரல் நின்றால் நாமே மூச்சை விட்டுவிட வேண்டும் என்று எல்லாருக்கும் சொல்லிவைத்தார்.

பாடத்தின் முடிவில் திரையில் ஐந்து முகம் வரும். எங்களைப் போல எழுத்துத் தெரியாதவர்களுக்காகச் செய்தது. ஓர் ஓரத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற முகம், மற்ற ஓரத்தில் கண்ணீர் விட்டு அழுகிற முகம். நம் மனசு எப்படியோ அந்த முகத்தை அமுக்க வேண்டும். அது இன்டர்நெட் வழியாக டீச்சரின் கொம்பியூட்டருக்குப் போகும். நாங்கள் போவதற்கு முன்பே எங்கள் முகத்தை அவர் பார்த்துவிடுவார்.

நான் முதல் நாள் நடுவில் உள்ளதை அமுக்கினேன். அடுத்த கிழமை அதற்குப் பக்கத்தில், கொஞ்சம் சிரிப்பு. அதற்கடுத்த கிழமையிலிருந்து பல்லெல்லாம் தெரிகிற முகம். ஒருத்தர் நமக்காக இவ்வளவு பாடுபடும்போது அழுகிற முகத்தை அனுப்புவதா? தோட்டத்துத் துரை எங்கள் வாசலில் நின்று என்ன சங்கதி என்று கேட்டால், லயத்து வீட்டுக் கூரை ஒழுகினாலும், "நல்லா இருக்கோமுங்க" என்றுதான் சொல்லிப் பழக்கம். டீச்சரும் நேரில் கேட்பார்.

"எப்பிடி வந்தனீங்கள்?"

"பஸ்ஸுலதாங்க."

"எப்பிடி இருந்தது?"

"சொகமா இருந்துச்சுங்க."

அவர் நம்பினார். பொய் சொல்லத் தெரியாதவர்களுக்கு மற்றவர்களுடைய பொய்யும் தெரியாது. கடைசியில், "உங்கட முகங்கள் நல்லாக் கூடி வருகுது அம்மா. வாற மாதத்தோட நீங்கள் நிப்பாட்டலாம்" என்றார். நானும் பெருமையாகத் தலையாட்டினேன். படி இறங்கி வரும்போதுதான் யோசித்தேன். வைத்தியம் முடிந்துவிட்டது, பஸ்ஸில் ஏற முடியவில்லை, மகளுக்கு எட்டாம் மாதம்.

அடுத்த கிழமை வழக்கம்போல விடியற்காலையில் நடந்தேன். மகாவலிப் பாலத்தில் ஏகப்பட்ட பேர் நடந்துகொண்டிருந்தார்கள். கச்சேரியில் அரசாங்க வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், குடை பிடித்த ஆசிரியைமார். எல்லாரும் உடம்பைக் கவனிக்கத் தொடங்கிவிட்டார்கள், நல்ல பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். மாடிக்குப் போனால் பெஞ்சில் ஒருவரும் இல்லை. டீச்சர் மட்டும் இருந்தார்.

"எப்பிடி வந்தனீங்கள்?"

"பஸ்ஸுலதாங்க."

"எப்பிடி இருந்தது?"

"கொஞ்சம் சனமுங்க. மத்தபடி சொகம்."

அவர் என் காலைப் பார்த்தார். முழங்கால் வரைக்கும் சேறு.

"அம்மா, இண்டைக்கு பஸ் வேலைநிறுத்தம். ஒண்டும் ஓடேல்லை."

நான் ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னலில் ஒன்றும் இல்லை.

"அப்ப ஒவ்வொரு கிழமையும் நடந்தே வந்தனீங்கள்?"

"ஆமாங்க."

"முகங்கள்?"

"அதுவும் அப்படித்தாங்க."

"ஏன் சொல்லேல்லை?"

"நீங்க சந்தோசப்பட்டீங்களே டீச்சர்."

அவர் நோட்டைத் திறந்தார். "என்ர முகத்தில சந்தோசம் தெரிஞ்சதோ?" என்று கேட்டார்.

"கொஞ்சம் தெரிஞ்சுச்சுங்க."

"அதைக் குறைக்கோணும்" என்று எழுதிக்கொண்டார்.

பிறகு வந்த நாட்களில் மற்றவர்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார். எல்லாரும் பல் தெரிகிற முகத்தைத்தான் அமுக்கியிருந்தார்கள். பன்விலயிலிருந்து வருகிற ஒரு பெரியவர், மகனைப் பறிகொடுத்தவர், "அந்தப் பொம்மையே பாவம் அழுதுகிட்டு இருக்கு. அதைப் போயி அமுக்கச் சொல்றீங்களே" என்று டீச்சரையே கேட்டார். டீச்சர் அதற்கு நேராகப் பதில் சொன்னார்: "அதுக்கு நோகாது ஐயா. எனக்கும் நோகாது. அமுக்குங்கோ." அன்று முதல் யார் படியேறி வந்தாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைப் பார்ப்பார். செருப்பு, சேறு, நடுக்கம் எல்லாம் பார்த்துவிட்டு, பிறகு கொம்பியூட்டரில் வந்த முகத்தோடு ஒப்பிடுவார். மெசினுக்குத் தெரியாதது காலுக்குத் தெரியும், காலுக்குத் தெரியாதது மெசினுக்குத் தெரியும் என்று நான் சொன்னேன். அது சரியா என்று யோசித்துப் பார்த்துவிட்டு, "பெரும்பாலும் சரி" என்றார்.

பொய் வெளியே வந்த பிறகு மற்றதும் வந்தது. கருவாட்டுக்கு முந்தியது. நான் குமரியாக இருந்தபோது கலவரம் நடந்த வருசம், நான் வந்த பஸ்ஸை ரோட்டில் மறித்தார்கள். ஏறிவந்தவர்கள், தமிழர் யார் என்று பார்க்க, எங்கள் ஒவ்வொருவரையும் சிங்களத்தில் பேசச் சொன்னார்கள். எனக்குச் சிங்களம் தண்ணீர் மாதிரி வரும். முன் சீட்டில் ஒரு மனுசர், மடியில் ஒரு பலாப்பழம் வைத்திருந்தார். அவருக்கு வரவில்லை. அவரை இறக்கினார்கள். பஸ் போய்விட்டது. பலாப்பழம் மட்டும் கண்டி வரைக்கும் வந்தது.

அதைக் கேட்டுவிட்டு, அது முடிந்துபோன கதை என்று டீச்சர் சொல்லவில்லை. முடியவில்லை என்று அவருக்குத் தெரியும். தண்ணீர் கொடுத்தார். திரும்பவும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். நான் சொல்வதைப் பதிந்து பாடத்துக்குள்ளே போட்டார். இனிமேல் நானா கடையில் அந்தச் செய்தி வாசிப்பவரோடு என் குரலையும் கேட்கவேண்டும். முதல் நாள் கேட்டு அழுதேன். பிறகு பிறகு, இந்தப் பொம்பிளை ஏன் இப்படி வளவளக்கிறாள், பலாப்பழத்துக்கு வரவே இவ்வளவு நேரமா என்று எரிச்சல் வந்தது. அழுகிற முகத்திலிருந்து நடு முகத்துக்கு வந்தேன். இந்தத் தடவை உண்மையாக.

அதன் பிறகு நிற்கிற பஸ். கண்டி பஸ் ஸ்டாண்டில் புறப்படாத பஸ்ஸாகப் பார்த்து என்னை ஏற்றி உட்காரவைப்பார். தானும் பக்கத்தில் உட்காருவார். கண்டக்டர் டிக்கட் கேட்டால், "நாங்கள் போகேல்லை, இருக்கிறம்" என்பார். ஒரு கண்டக்டர் என்னைக் கண்டாலே, "ஓடாத பஸ் அம்மா வந்துட்டாங்க" என்பார்.

"டீச்சர், ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன். உங்க வாயால கேட்டா ஏறிருவேன்."

"அது எனக்குத் தெரியாது அம்மா. தெரியாததை எப்பிடிச் சொல்லுறது? நேற்றும் ஒண்டு வெடிச்சது."

"வேற என்னதான் தெரியும் உங்களுக்கு?"

"நான் பக்கத்தில இருப்பன். அது தெரியும்."

மகளுக்கு ஒன்பதாம் மாதம் தொடங்கிய கிழமை, ஓடுகிற பஸ்ஸில் ஏற்றினார். கலஹா பஸ். பேராதனையில் இறங்கித் திரும்பி வருவது என்று ஏற்பாடு. நான் கம்பியைப் பிடித்த பிடியில் என் வளையல் நெளிந்தது. பாதி வழியில் செக் பொயின்ட். எல்லாரும் இறங்கி, பையைத் திறந்து, அடையாள அட்டையைக் காட்டிக்கொண்டு போக வேண்டும். என்னைப் பார்த்துவிட்டுப் போகவிட்டார்கள். டீச்சரின் அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். ஓரமாக நிற்கச் சொன்னார்கள்.

எங்கே போகிறாய் என்று ஓர் ஆமிக்காரப் பையன் சிங்களத்தில் கேட்டான். டீச்சருக்குச் சிங்களம் மெதுவாகத்தான் வரும். ஆனால் தவறில்லாமல் வரும்.

"இந்த அம்மாவை பஸ்ஸில் போகப் பழக்குகிறேன்."

அவன் என்னைப் பார்த்தான். நரைத்த தலையோடு ஒரு பொம்பிளை. "இவருக்கு பஸ்ஸில் போகத் தெரியாதா?"

"தெரியும். பயம்."

"என்ன பயம்?"

"குண்டு வெடிக்கும் என்ற பயம்."

அந்தச் சொல்லைக் கேட்டு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். நான் ஓடிப்போய், "மாத்தயா, இவங்க நர்ஸ். என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போறாங்க" என்று என் தண்ணீர்ச் சிங்களத்தில் அவிழ்த்துவிட்டேன். எவ்வளவு அழகான பொய். அவர்கள் டீச்சரைப் பார்த்தார்கள்.

"இல்லை. நான் நர்ஸ் இல்லை" என்றார் டீச்சர்.

பஸ் ஹோர்ன் அடித்தது. கண்டக்டர் கத்தினார்.

"நீங்கள் ஏறுங்கோ அம்மா."

"நீங்க பக்கத்துல இருப்பேன்னு சொன்னீங்களே."

"சொன்னனான். இப்ப ஏலாமல் போச்சு. ஏறுங்கோ."

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"தெரியாது. ஏறுங்கோ."

ஏறினேன். பஸ் போனது. ஜன்னலில் அவர் சின்னதாகிக்கொண்டே போனார். முன் சீட்டை நான் பார்க்கவில்லை. பேராதனை வந்தது. இறங்கினால் திரும்பி ஓடுவேன். ஓடினால் இன்னொரு பொய் சொல்வேன். அதையும் அவர் இல்லை என்பார். மூன்று பேர் முப்பது பேராகிவிடுவார்கள். அதனால் இறங்கவில்லை. கலஹாவுக்கு டிக்கட் வாங்கினேன்.

மகள் என்னைக் கண்டதும் வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். நான் வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன்.

"வளையல் போட வராதவ இப்ப வந்து யாருக்கோ அழுவுற" என்றாள். சோறு போட்டாள். அப்படியே வைத்துவிட்டேன். மருமகனிடம் போன் இருந்தது, எனக்கு அலுவலகத்து நம்பர் தெரியாது. விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். செக் பொயின்ட்டில் இறங்கி எல்லா மூலையிலும் பார்த்தேன். வேறு பையன்கள் நின்றார்கள். திரும்ப ஏறி, டிரைவருக்கு இன்னும் வேகமாகப் போகத் தெரியாதா என்று கண்டக்டரோடு சண்டை பிடித்தேன். கண்டி ஸ்டாண்டில் இறங்கும்போது, என்னை ஓடாத பஸ் அம்மா என்கிற அந்தக் கண்டக்டர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"அம்மா, இது ஓடுற பஸ்."

அப்போதுதான் எனக்கும் தெரிந்தது.

படியேறினால் டீச்சர் மேசையில் இருந்தார், பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டு. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பின்னேரம் விட்டவங்கள்" என்றார். "இருங்கோ."

"அடிச்சாங்களா?"

"இல்லை. ஒரு கதிரையில இருத்தினவங்கள். கேட்டதையே திருப்பித் திருப்பிக் கேட்டவங்கள். அந்தப் பெடியன் தனக்கும் நித்திரை வாறேல்லை எண்டு சொன்னவன். எங்கட அலுவலகம் இருக்கிற இடத்தைச் சொல்லிவிட்டனான்."

"வருவானா?"

"தெரியாது."

"பயந்தீங்களா டீச்சர்?"

"ஓம். கால் நடுங்கினது. இப்பவும் கொஞ்சம் நடுங்குது." மேசைக்கு அடியில் பார்த்தேன். நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

எங்கள் வீட்டு மனுசர், அது முழுக்க டீச்சரும் ஆமியும் சேர்ந்து செய்த வைத்தியம் என்று சாகும்வரை சொன்னார். நானே டீச்சரிடம் கேட்டேன். "இல்லை. அப்பிடி ஒரு வைத்தியம் இருந்தாலும் செய்யமாட்டன்" என்றார். கொஞ்ச நாளில் அந்த அலுவலகத்தையும் மூடிவிட்டார்கள். அவர் எங்கே போனார் என்று கேட்டால், எனக்குத் தெரியாது என்றுதான் நானும் சொல்ல வேண்டும்.

மகளுக்கு வலி வந்தது ஒரு பகல் நேரத்தில். நான் அதற்கு முந்தின கிழமையே பஸ்ஸில் போய்ச் சேர்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டிய வண்டி வரவில்லை. ரோட்டை மறித்திருக்கிறார்கள், எப்போது விடுவார்கள் என்று தெரியாது என்றார்கள். தோட்டத்து மிட்வைஃப் வந்து லயத்திலேயே பாயைப் போடச் சொன்னார். பிள்ளை சரியாகத் திரும்பவில்லை. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டாள்.

பாயில் அவளை ஒட்டி உட்கார்ந்தேன்.

"தெரியாதுடி" என்றேன். "நான் இங்கதான் இருக்கேன். எந்திரிச்சுப் போகமாட்டேன்."

மிட்வைஃப் தலையில் அடித்துக்கொண்டார். "பெத்த தாய் பேசுற பேச்சாம்மா இது?" மகளுக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமில்லை. என்னை, என் அப்பனை, என் அப்பன் ஏறிவந்த கப்பலை எல்லாம் பிடித்துத் திட்டினாள். என் கையை மட்டும் விடவில்லை. விரல் ஒடிந்துவிடும் போலிருந்தது. அந்தத் திட்டு முடிவதற்குள் பிள்ளையும் கத்திக்கொண்டு பிறந்துவிட்டது.